பலி போட ஒரு தேதி

"போரில் செத்தவனை அந்த மண்ணிலேயே விட்டுவிடுவதுதான் மரியாதை, எலும்பை எதற்குச் சுமந்து வரணும்?" மார்த்தாண்டம் டீக்கடையில் நண்பர் சொன்னார். பட்டாளத்தில் இருந்தவர், அதனால் அங்கே வாயை மூடிக்கொண்டேன். இங்கே சொல்கிறேன்.

எங்க பாட்டாவின் அண்ணன் 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தபோது அங்கே பிரிட்டிஷ் படையில் சிப்பாய். வீட்டுக்கு வந்தது காணவில்லை என்ற தகவல் மட்டும். ஆடி அமாவாசைக்கு ஊரே குழித்துறை ஆற்றில் வாவுபலி போடும், செத்தவர்களுக்கு இடும் அமாவாசைப் படையல். அவரைப் பெற்றவள் படித்துறையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவாளாம். "பலி இட்டா எனக்க பிள்ளை செத்தான்னு நானே சொன்னது போல ஆயிருமே." ஒரு வருஷம் வற்புறுத்தி இறக்கினார்கள். எள்ளுருண்டை வைத்த வாழையிலையைத் தண்ணீரில் விட்டவள், அது ரெண்டடி நகரும்முன் எட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டாள். பாட்டா இதைச் சொல்லும்போதெல்லாம் கையை நீட்டிக் காட்டுவார்.

உடலைக் கொண்டுவரக் கூடாது என்ற பிரிட்டிஷ் விதிக்கு ஒரு காரணம் உண்டு. 1915-இல் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன் பிரான்சில் சாக, உடலை வீட்டுக்கே கொண்டுபோனார்கள். பிறகுதான் தடை வந்தது. பெரிய வீட்டுப் பிள்ளை மட்டும் ஊர் திரும்பக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் அமெரிக்கா குடும்பங்களிடமே கேட்டது. முதல் உலகப் போருக்குப் பின் சுமார் 46,000 உடல்கள் ஊர் போய்ச் சேர்ந்தன. இந்தக் கிழவியிடம் யார் கேட்டார்கள்?

கார்கிலில், 1999-இல், பெட்டி ஊர் ஊராக வந்தது. ஒக்கிப் புயல் அடித்த 2017-இல் தூத்தூரிலும் வள்ளவிளையிலும் உடல் கிடைக்காத வீடுகள் எத்தனை! அந்த வீட்டுப் பெண்களிடம் போய் "எலும்பு எதற்கு" என்று கேட்டுப் பார்க்கட்டும்.

எண்பது வருஷம் கழித்துத் தோண்டச் சொல்லவில்லை. எங்கே, என்றைக்கு என்று வீட்டுக்குத் தமிழில் ஒரு தாள் அனுப்பியிருக்கலாம். சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்க்கும் சித்தப்பா மகன்தான் போன வருஷம் அங்கே கிராஞ்சியிலுள்ள போர் நினைவிடத்துக்குப் போனான். கல்லறை இல்லாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே தூண்களில் இருக்கின்றன. ஒரு பகல் முழுக்கத் தேடி, பெயரைப் படமெடுத்து அனுப்பினான். பதிவேட்டில் தேதி 1942 பிப்ரவரி 15, நகரம் விழுந்த அதே நாள். அன்றுதான் செத்தாரா, நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் அதையே எழுதிவிட்டார்களா என்று எனக்குச் சந்தேகம்.

பழைய பஞ்சாங்கம் பார்த்தோம். அன்றைக்கும் அமாவாசை. இனி ஆடியில் போடுவதா, மாசியிலா என்று கேட்க அப்பா காலையிலேயே ஜோசியர் வீட்டுக்குப் போயிருக்கிறார்.