சண்டை வரித் தொகைக்காக அல்ல
பிரிட்டனில் இருந்தவர்களை விட அமெரிக்கக் குடியேறிகள் குறைவாகத்தான் வரி கட்டினார்கள், அதனால் அவர்கள் பிரிட்டனிலிருந்து பிரிந்து போனதில் நியாயம் இல்லை என்று அமெரிக்க விடுதலைப் போர் பற்றிய கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வரி குறைவு என்பது சரி. ஆனால் சண்டை தொகையைப் பற்றியதே அல்ல. குடியேறிகளின் பத்திரங்கள், செய்தித்தாள்கள் போன்றவை மீது போட்டிருந்த முத்திரை வரியை 1766இல் ரத்து செய்த கையோடு, குடியேற்றங்களுக்கு எந்த விஷயத்திலும் சட்டம் போடத் தனக்கு அதிகாரம் உண்டு என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனியாக ஒரு சட்டமே இயற்றியது. அந்த நாடாளுமன்றத்தில் குடியேறிகளுக்கு ஒரு உறுப்பினர்கூடக் கிடையாது. அந்த அதிகாரம் வெறும் பேச்சில்லை என்பது 1774இல் தெரிந்துவிட்டது. பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். மாசசூசெட்ஸில் பிரதிநிதிகள் தேர்ந்தெடுத்து வந்த ஆலோசனை சபையை இனி மன்னரே நியமிப்பார் என்றார்கள். ஊர்க்கூட்டம்கூட வருடத்துக்கு ஒன்றுதான், அதற்கு மேல் கூட்ட ஆளுநரிடம் அனுமதி வாங்க வேண்டும்! அப்போதும் குடியேறிகள் உடனே பிரிந்துவிடவில்லை. போர் தொடங்கிய பிறகும், 1775 ஜூலையில் சமாதான மனு அனுப்பினார்கள். பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அதை வாங்கவே மறுத்துவிட்டார். அப்புறம் யாரிடம் போய் முறையிடுவது? அப்படியானால் அடிமைகளின் நிலை என்ன என்று இன்னொரு வாசகர் கேட்டிருப்பதும் முக்கியமான கேள்வி. கிளர்ச்சியாளர்களிடம் இருந்த அடிமைகள் மன்னர் படையில் சேர்ந்தால் விடுதலை என்று வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் 1775 நவம்பரில் அறிவித்ததும் நூற்றுக்கணக்கானோர் அவர் பக்கம் ஓடினார்கள். சுதந்திரப் பிரகடனத்தின் வரைவை எழுதிய ஜெபர்சன் அதில் அடிமை வணிகத்தைக் கண்டித்திருந்த பகுதியை, குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் நீக்கியதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.