"தேங்க்ஸ் டீம்" என்றால் யாருக்கு நன்றி?

மாதக் கடைசி வேலை முடிந்ததும் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜர் "தேங்க்ஸ் டீம்" என்று போடுவார். கும்பிடு எமோஜிகள் வரிசை கட்டும். ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து, ஜிஎஸ்டிஆர்-2பி-யில் (சப்ளையர்கள் பதிவேற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியல்) ஏறாத பில்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தவருக்கும், எட்டிக்கூடப் பார்க்காதவருக்கும் அதே ஒரு வரிதான். எரிச்சல் வருமா, வராதா?

செய்த வேலை, பட்ட சிரமம், கிடைத்த பலன். இந்த மூன்றும் இருந்தால்தான் அது நன்றி. "விட்டுப்போன பில்களுக்கு சப்ளையரை விடாமல் துரத்திப் பதிவேற்ற வைத்தீங்க, அதனால்தான் இன்புட் கிரெடிட் கைவிட்டுப் போகலை." (இன்புட் கிரெடிட் என்பது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது.) இப்படிச் சொல்ல பத்து வினாடிகூட ஆகாது. அன்றைக்கே சொல்லணும், அப்ரைசல் வரை தள்ளிப்போடக் கூடாது. கூச்ச சுபாவம் உள்ளவரிடம் தனியாகச் சொல்லுங்கள், கூட்டத்தில் எழுப்பி நிறுத்தாதீர்கள்.

தினமும் காலை மீட்டிங்கில் ஆளுக்கொரு நன்றி கட்டாயம் என்பது இன்னொரு கொடுமை. ஒரே வாரத்தில் அது வாய்ப்பாடாகிவிடும். உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கி குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரம் வாரத்துக்கு ஒருமுறை நன்றிப் பட்டியல் எழுதியவர்களுக்குத்தான் மனநிறைவு கூடியது. வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை.

நன்றி சொன்ன அதே மூச்சில் "அடுத்த மாசமும் நீங்களே பார்த்துக்குங்க" என்று முடிப்பதை முதலில் விடுங்கள். ஓவர்டைம் பணமோ மாற்று விடுப்போ தர வேண்டிய இடத்தில் நன்றியை நீட்டாதீர்கள்.