உடம்பு சரியில்லையாம், மொத்தப் பேருக்கும்!

பணம் இன்றைக்குத்தான் திரும்பி வந்தது. முழுசாக வரவில்லை. டிக்கெட் பதிவு செய்து கொடுத்ததற்கான கட்டணத்தைப் பிடித்துக்கொண்டார்களாம். விமானம் பறக்கவில்லை, நான் ஏறவில்லை, ஆனால் பதிவு மட்டும் சிறப்பாக நடந்தேறியிருக்கிறது, அதற்குக் கூலி. வைத்துக்கொள்ளுங்கள் சாமி, நல்லா இருங்க.

கம்பெனி பெயர் வேண்டாம். எந்தப் பெயரைப் போட்டாலும் "எனக்கும் இதேதான்" என்று நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள்.

டெல்லி ஏர்போர்ட், ராத்திரி. போர்டில் முதலில் தாமதம் என்று போட்டார்கள். அப்புறம் இன்னும் தாமதம். அப்புறம் பார்த்தால் போர்டில் எங்கள் விமானத்தையே காணோம். கவுன்ட்டரில் ஒரே ஒரு பெண். அவரும் கம்பெனி ஆள் இல்லை, ஒப்பந்தத்தில் வந்தவர். எதிரே சென்னை போக வேண்டிய ஒரு விமானக் கூட்டம் மொத்தமும்.

"ஆபரேஷனல் ரீசன் சார்."

"அப்படின்னா?"

"க்ரூ இல்ல சார்."

"எங்க போனாங்க?"

"உடம்பு சரியில்ல சார்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும் சார்."

(நடந்தது இந்தியில். ஒவ்வொரு வரிக்கும் ஒரு 'ஜி' சேர்த்துப் படித்தால் இன்னும் வயிறு எரியும்.)

விமானி, பணிப்பெண் எல்லாருக்கும்! ஒரே ராத்திரியில்! கல்யாணச் சாம்பாரில் பல்லி விழுந்தால்கூட ரசத்துக்குத் தாவிய பாதிப் பேர் தப்பித்துவிடுவார்கள். சரி, தங்க இடம் தருவீர்களா என்று கேட்டேன். மேனேஜர் வருகிறார் சார். எப்போது? வந்துகொண்டே இருக்கிறார் சார். அந்த மேனேஜர் ஆக்ராவிலிருந்து நடந்து புறப்பட்டிருந்தாலும் விடிவதற்குள் பாதி தூரம் வந்திருப்பார். நடுவில் சாப்பாட்டுக் கூப்பன் கொடுத்தார்கள். அது செல்லுபடியாகும் கடை செக்யூரிட்டிக்கு வெளியே இருக்கிறது. நாங்கள் உள்ளே. வெளியே போகலாமா என்றால், போனால் திரும்ப உள்ளே வர முடியாது சார் என்கிறார். போய்த்தான் பார்ப்போம் என்று துணிந்த ஒரு பெரியவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை விரித்துக் காட்டினார். கடை மூடியாயிற்று.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். அந்த நேரத்தில் அதே கம்பெனியின் ஆப்பைத் திறந்தால், மறுநாள் காலை சென்னைக்கு டிக்கெட் விற்றுக்கொண்டிருக்கிறார்கள், நான் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு விலைக்கு! விடிந்தால் எல்லாருக்கும் குணமாகிவிடும் என்று ஆப்புக்கு மட்டும் எந்த வைத்தியர் சொன்னாரோ.

இந்தக் காய்ச்சலின் ரகசியம் நமக்குத் தெரியாததா? விமானப் போக்குவரத்தில் வேலைநிறுத்தம் என்றால் சட்டப்படி 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தலைவலிக்கு முன்னறிவிப்பு தேவையில்லை. 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகளுக்கு இந்தத் தலைவலி வந்தது. 2012-ல் ஏர் இந்தியா விமானிகளுக்கு வந்து 58 நாள் நீடித்தது. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் முந்நூறு பேர் அளவில் ஒரே நேரத்தில் படுத்தார்கள். நிர்வாகம் 25 பேரை வீட்டுக்கு அனுப்பியது, தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னால் உட்கார்ந்து பேசினார்கள், 25 பேரும் திரும்ப வேலைக்கு, மற்ற எல்லாருக்கும் குணம். டாக்டருக்குத் தெரியாத மருந்து ஆணையரிடம் இருந்திருக்கிறது.

அவர்களுக்கு நியாயம் இருக்கும். சம்பளம், பதவி, கம்பெனி இணைப்பில் வந்த குளறுபடி, எல்லாம் இருக்கும். அந்த நியாயத்தை முதலாளியின் வீட்டு வாசலில் போய்க் கேளுங்களேன். என் வாசல் ஏன்? முதலாளி மட்டும் யோக்கியமா? மாதக்கணக்கில் புகைந்த சண்டையை மூடி வைத்துக்கொண்டு கடைசி சீட் வரை விற்றவர்தானே.

சரி, நஷ்ட ஈடு கேட்கலாம் என்று, விமானக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதியைத் தேடிப் படித்தேன். படித்திருக்கவே கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தைச் சொல்லாமல் ரத்து செய்தால் 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணத்தோடு எரிபொருள் கட்டணம், எது குறைவோ அது. எது குறைவோ! அதுவாவது வருமா என்று கீழே போனால் விதிவிலக்குப் பட்டியல். இயற்கைப் பேரிடர், உள்நாட்டுப் போர், கலகம், வெள்ளம், அப்புறம் வேலைநிறுத்தம். சொந்த ஊழியரோடு போட்ட சண்டையும் வெள்ளமும் ஒரே வரிசையில். ஐரோப்பாவில் இந்தப் பருப்பு வேகவில்லை. ஜெர்மனியின் டுயிஃபிளை கம்பெனியில், மறுசீரமைப்பு என்று நிர்வாகம் திடீரென அறிவித்ததும் விமானிகளில் 89 சதவீதம் வரை சுகவீன விடுப்பில் போனார்கள். இது உன் வீட்டு விவகாரம், பயணிக்கு நஷ்ட ஈட்டை எடுத்து வை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. அங்கே 250 முதல் 600 யூரோ. எனக்கு மூடிய கடையின் கூப்பன்.

நான் ஏன் இந்தக் குதி குதிக்கிறேன் என்றால், மறுநாள் புதுக்கோட்டைப் பக்கம் குலதெய்வக் கோயிலில் என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி வேண்டும். தாய்மாமன் டெல்லியில் டெர்மினல் தரையில் கிடக்கிறான். "எங்கடா இருக்க?" என்று அக்கா போனில் கேட்டபோது, "க்ரூவுக்கு உடம்பு சரியில்லக்கா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "உனக்கு எப்பவுமே ஏதாவது ஒண்ணு" என்று வைத்துவிட்டாள்.

கடைசியில் சித்தப்பா மகன் மடியில் உட்கார வைத்துக் குத்தியிருக்கிறார்கள். போட்டோ வந்தது. பயல் பட்டு வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி சிரிக்கிறான். என் பைக்கை இரண்டு நாளில் தருகிறேன் என்று வாங்கிப் போனவன் இவன்தான். வருஷம் ஓடிவிட்டது, ஆர்சி புத்தகம்கூட அவனிடம். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால், பின்னால் வேப்பமரத்தடியில் நிற்கிறது என் வண்டி, ஒரு பக்கக் கண்ணாடி இல்லாமல்.