ஸ்தோத்திரம், கொஞ்சம் வண்டியை எடுங்க!

ஞாயிறு ஆராதனை முடிஞ்சு வெளியே வந்தா, என் ஸ்கூட்டருக்குக் குறுக்கே ஒரு கார். பின் கண்ணாடியில 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்'னு ஸ்டிக்கர். மேய்ப்பர் சரி, ஆடு எங்கேய்யா? அரை மணி நேரம் வெயில்ல நின்னேன்.

அன்னைக்கு எங்க சபைப் போதகர் ஐயரோட பிரசங்கம் பைபிள்ல யாக்கோபு 2-ஆம் அதிகாரம். கிரியை இல்லாத விசுவாசம் செத்ததுன்னு சொன்னப்போ முன் பெஞ்சிலிருந்து ஒரு ஆமென் கோயிலே அதிர வந்துச்சு. காரை எடுக்க வந்ததும் அதே அண்ணாச்சிதான். "ஸ்தோத்திரம் தம்பி!" அவ்வளவுதான், ஒரு மன்னிப்புகூட இல்ல. போற போக்குல, கோயிலைப் பெருக்கித் துடைக்கிற கோயில்குட்டியைப் பார்த்து, "வண்டி நிறுத்த ஒழுங்கா எடம் காட்ட மாட்டியாலே?"ன்னு ஏச்சு வேற. அந்தக் கோயில்குட்டிக்கு எழுபது வயசு. விடியுமுன்னே வந்து அந்த முன் பெஞ்சைத் துடைச்ச மனுஷன்.

அடுத்த வாரம் நான் பஸ்ல போறேன்.