வளர்ப்பாம் வளர்ப்பு

கோயில் கொடை மேடையில அந்தப் பேச்சாளர் பேசுன வீடியோவ இதுவரைக்கும் ஏழு பேர் எனக்கு அனுப்பியாச்சு, போதும், பாத்துட்டேன். "பெத்தவ பாசமா வளத்திருந்தா புள்ளைக்கு ஏன் புத்தி பேதலிக்கப் போவுது"ங்காரு, கூட்டம் கைதட்டுது. அந்தக் கைதட்டுதான் எனக்கு ஆறவே மாட்டேங்கி.

அண்ணாச்சி, இத 1948லயே அமெரிக்காவுல ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மான்னு ஒரு டாக்டரம்மா சொல்லியாச்சு, தாயாலதான் ஸ்கிசோஃப்ரினியா, அதான் மனச்சிதைவு, வருதுன்னு. ஆதாரம் ஒண்ணும் தேறலன்னு டாக்டர்மாரே தூக்கிப் போட்டுட்டாவ. நீங்க அத இப்ப தூசி தட்டி மைக்குல போடுதிய.

2022ல வந்த ஆராய்ச்சியில இந்த வியாதியோட தொடர்புள்ள 287 இடங்கள மனுசனோட மொத்த மரபணுத் தொகுப்புல கண்டுபிடிச்சிருக்காவ. 2016ல சி4னு ஒரு ஜீனப் (மரபணு) பத்தி வந்துச்சு. நம்ம ஊர்ல வாழைக்கு பக்கக்கன்னு அறுப்போம்லா, அதேமாதிரி வயசுப் பருவத்துல மூளை வேண்டாத இணைப்புகள கழிக்கும், இந்த ஜீன் கூடுதலா வேலை செஞ்சா கழிக்கக்கூடாததும் போயிருதோன்னு சொல்லுதாவ. இதுல எங்கய்யா வளர்ப்பு வந்துச்சு?

எங்கண்ணனுக்கு பத்தொம்பது வயசுல வந்துது, பிகாம் ரெண்டாவது வருசம். ஃபேன் தன்னயப் பத்திப் பேசுதுன்னு ராத்திரி பூரா ஸ்விட்சப் போட்டுப் போட்டு அணைப்பான். ரெண்டு வருசம் கயிறு, திருநீறுன்னே போச்சு. இப்பவும் ராத்திரி ஒம்பது மணிக்கு எங்கம்மை மாத்திரையும் அரை டம்ளர் தண்ணியுமா நிப்பா, அவன் நாக்கத் தூக்கிக் காட்டுனபெறவுதான் நகருவா. பாசம் இல்லாதவளாம்.

நீ என்ன டாக்டரான்னு கேப்பிய. இல்ல, ஜெராக்ஸ் கடைதான் வச்சிருக்கேன். அவரு மட்டும் எந்த ஆஸ்பத்திரியில இருக்காராம்?

ஜீன்தான் காரணம்னா, ஒரே மாதிரி ரெட்டப்புள்ளையில ஒருத்தனுக்கு வந்தா மத்தவனுக்கும் வந்துதான ஆவணும், பாதிப்பேருக்கு வரலியேன்னு கேட்டா, நியாயம்தான். ஜீன் மட்டும் இல்ல, வயித்துல இருக்கையில தாய்க்கு வந்த காய்ச்சலு, சிக்கலான பிரசவம், கஞ்சா, பலதும் சேருது. சின்ன வயசுல கொடுமை அனுபவிச்சவங்களுக்கு வாய்ப்பு கூடங்கதும் உண்மைதான், சரி, அதுக்காக எல்லா அம்மையையும் கூண்டுல ஏத்துவியளா? சுகர் வந்தவன்ட்ட உங்கம்மை சரியா வளக்கலன்னு எவனாவது சொல்லுதானா?

வீடியோவ எங்கம்மைக்கு அனுப்புனது எங்க பெரியம்மை. கீழ ஒரு கும்பிடு படம் வேற. அம்மை கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரெண்டு தரம் பாத்தா. சோறு திங்கல. ராத்திரி விளக்க அணைச்சபெறவு மெதுவாக் கேக்கா, "ஏட்டி, ஆறாங்கிளாஸ் படிக்கையில அவன விளக்குமாத்தால ஒருதரம் அடிச்சேம்லா, அதா இருக்குமோ?"