ஃப்ளாரன்ஸ் வரைக்கும் கார்ல போங்க, உள்ள டிராம்ல போங்க

கார்ல இத்தாலி சுத்திப் பாக்க பிளான் போடுறவங்களுக்காக இதை எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க. ஜெர்மனி, சுவிஸ், பிரான்ஸ்ல இருக்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் லீவு விட்டா ஆல்ப்ஸ் தாண்டி இறங்கிடுறாங்க, ஊர்லேர்ந்து வர்றவங்களும் மிலான்லயோ ரோம்லயோ வந்து இறங்கி வாடகை கார் எடுக்குறாங்க. ரெண்டு பேரும் கேக்குற முதல் கேள்வி ஒண்ணுதான், "ஃப்ளாரன்ஸ்ல டுவோமோ பக்கத்துல பார்க்கிங் எங்க கிடைக்கும்?" டுவோமோன்னா நடு ஊர்ல இருக்குற பெரிய கதீட்ரல் சர்ச். பக்கத்துல தேடவே தேடாதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். காரை ஊருக்கு வெளிய விட்டுடுங்க. இதுல எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

முதல்ல இசட்.டி.எல்-னா என்னன்னு தெரிஞ்சுக்கணும். இத்தாலில பெரும்பாலான பழைய ஊர்கள்ல நடு ஊருக்குள்ள பர்மிட் இருக்குற வண்டி மட்டும்தான் போகலாம், குடியிருக்குறவங்க, டாக்ஸி, பஸ் இப்படி. அந்த எல்லைக்குத்தான் இசட்.டி.எல்னு பேரு. தடுப்புக் கம்பி இருக்காது, போலீஸ்காரர் நின்னு மறிக்க மாட்டார், தெரு ஆரம்பத்துல சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்ட போர்டு, அதுக்குக் கீழ நேரம், பக்கத்துல ஒரு கேமரா, அவ்வளவுதான். சில இடத்துல எலக்ட்ரானிக் போர்டும் இருக்கும். அதுல "வார்கோ அத்திவோ"ன்னு, அதாவது "வாசல் இயங்குது"ன்னு இருந்தா கேமரா வேலை செய்யுது, உள்ள போகக் கூடாதுன்னு அர்த்தம், நடுவுல "நோன்" இருந்தா போகலாம். "அத்திவோ"வைப் பாத்துட்டு ரூட் திறந்திருக்குன்னு நினைச்சு உள்ள போறவங்கதான் அதிகம். முன்னாடி போற கார் போகுதேன்னு பின்னாடியே போறதும் வேண்டாம், அவங்க அந்தத் தெருக்காரங்களா இருப்பாங்க. ஃப்ளாரன்ஸ்ல இந்தத் தடை திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் காலைல ஏழரைலேர்ந்து ராத்திரி எட்டு மணி, சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி வரைக்கும், அதுக்கு மேல கோடைக்காலத்துல சில நாள் ராத்திரியும் உண்டு. நேரம் மாறும், அன்னைக்கு போர்டுல என்ன இருக்கோ அதுதான் கணக்கு. போன் மேப்பை நம்பி மட்டும் போகாதீங்க, அது சில சமயம் நேரா உள்ளேயே கொண்டுபோய் விடும்.

அபராதம் 83 யூரோலேர்ந்து ஆரம்பிக்குது. நோட்டீஸ் கைக்கு வந்து அஞ்சு நாளுக்குள்ள கட்டினா 30 சதவீதம் குறையும். வெளிநாட்டுல இருக்குறவங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப 360 நாள் வரைக்கும் டைம் இருக்கு, அதனால டூர் முடிஞ்சு போட்டோ எல்லாம் போட்டு மறந்தே போன பிறகு ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்து நிக்கும். வாடகை கார்னா, உங்க அட்ரஸை போலீஸுக்குக் கொடுத்ததுக்கு கம்பெனிக்காரங்க உங்க கார்டுலேர்ந்து தனியா ஒரு ஃபீஸ் எடுத்துப்பாங்க, அது அபராதத்துல சேராது.

சரி, காரை எங்க விடுறது? என்னோட பதில் வில்லா கொஸ்தான்சா. இது ஏ1 மோட்டார்வேலேயே, ஃப்ளாரன்ஸை ஒட்டின ஸ்காண்டிச்சிங்குற ஊர் பக்கத்துல இருக்குற பார்க்கிங், 2017ல திறந்தாங்க. இதுல அழகே என்னன்னா டோல்கேட் தாண்டி வெளிய வரவே வேண்டாம், மோட்டார்வேலேர்ந்து அப்படியே பார்க்கிங்குக்குள்ள திரும்பி காரை விட்டுட்டு கொஞ்ச தூரம் நடந்தா டி1 டிராமோட கடைசி ஸ்டாப், ஏறி உக்காந்தா அரை மணி நேரத்துக்குள்ள ஃப்ளாரன்ஸோட மெயின் ரயில்வே ஸ்டேஷனான சாந்தா மரியா நொவெல்லா, அங்கேர்ந்து டுவோமோ நடக்குற தூரம்தான். டிராம் முதல் ஸ்டாப்லேர்ந்தே கிளம்புறதால உக்கார இடம் கிடைக்கும், குழந்தைங்களோட போறவங்களுக்கு இது பெரிய விஷயம். திரும்பி வந்து பார்க்கிங் காசு கட்டிட்டு மறுபடி மோட்டார்வேல ஏறிடலாம், டோல் எல்லாம் நீங்க கடைசியா வெளியேறுற இடத்துலதான். டோல்கேட்ல மஞ்சள் கலர்ல டெலிபாஸ்னு மட்டும் போட்டிருக்குற லைன்ல போகாதீங்க, அது டோலைத் தானாவே கட்டுற கருவி மாட்டின வண்டிக்கு, டிக்கெட்டோ கார்டோ இருக்குற லைனா பாத்துப் போங்க.

தெருவுல விடணும்னா தரையில போட்டிருக்குற கோட்டோட கலரைப் பாருங்க. நீலம்னா காசு, மெஷின்ல வண்டி நம்பர் அடிக்கணும். மஞ்சள் கோட்டுல விடவே கூடாது, அது மாற்றுத்திறனாளிங்க மாதிரி குறிப்பிட்ட ஆளுங்களுக்கு ஒதுக்கினது. வெள்ளைன்னா இலவசம்னு எல்லா வெப்சைட்லயும் இருக்கும், ஆனா ஃப்ளாரன்ஸ்ல பல தெருவுல வெள்ளைக்கோடு அந்த ஏரியாக்காரங்களுக்கு மட்டும்தான். போர்டுல ரெண்டு சுத்தியல் குறுக்க இருந்தா திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் உள்ள வேலைநாள், சிலுவை இருந்தா ஞாயிறும் விடுமுறை நாளும். தெரு கழுவுற நாளுக்குன்னு தனி போர்டு இருக்கும், அந்த ராத்திரி அங்க வண்டி நின்னா தூக்கிட்டுப் போயிடுவாங்க. எங்க விட்டாலும் சீட்டுல பை வெச்சுட்டுப் போகாதீங்க.

இப்ப என் கருத்துக்கு வர்றேன். "இதெல்லாம் டூரிஸ்ட்கிட்ட காசு புடுங்குற வேலை"ன்னு நிறைய பேர் எழுதுறாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். 2009 அக்டோபர் வரைக்கும் டுவோமோவை ஒட்டியே பஸ்ஸும் காரும் ஓடிட்டு இருந்துச்சு, புகை பட்டு மார்பிள் கறுத்துப் போச்சு. அப்புறம்தான் அந்தச் சதுக்கத்தையே நடக்குறவங்களுக்குன்னு ஒதுக்கினாங்க, அடுத்த வருஷம் டி1 டிராமும் வந்துச்சு. இன்னைக்கு அந்த இடத்துல குழந்தையைக் கையை விட்டு நடக்க விடலாம். ஆர்னோ ஆத்துக்கு அந்தப் பக்கம் போர்கோ சான் யாகொப்போ தெருவுல நடந்து பாருங்க, நடைபாதை ஒரு ஆள் அகலம்தான், எதிர்ல ஸ்ட்ரோலர் வந்தா ரோட்டுல இறங்கணும், சின்ன சி3 பஸ் வந்தாலே எல்லாரும் சுவத்தோட ஒட்டிக்கணும். இந்தத் தெருவுல வர்ற டூரிஸ்ட் எல்லாம் ஆளுக்கு ஒரு கார் கொண்டுவந்தா அங்க குடியிருக்குறவங்க எப்படி வாழ்றது? நாம ரெண்டு நாள் வந்து பாத்துட்டுப் போறோம், அவங்க அங்கதான் காய்கறி வாங்கணும், புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பணும். அவங்க தெருவை அவங்க மூடி வெச்சுக்குறது முழுக்க நியாயம்.

ஆனா ஒரு விஷயத்துல எனக்குக் கோவம் உண்டு. உலகம் பூரா ஆளுங்க வர்ற ஊர்ல இந்த இசட்.டி.எல் எச்சரிக்கையைப் பல இடத்துல இத்தாலியன்ல மட்டும் எழுதி, அதுவும் திருப்பத்துக்கு அப்புறம் வெச்சா, புது ஆள் ரோட்டைப் பாப்பானா போர்டைப் பாப்பானா? நூறு மீட்டர் முன்னாடியே பெருசா ஒரு போர்டு, திரும்பிப் போக ஒரு வழி, இதைச் செஞ்சா பாதிப்பேர் உள்ளேயே வர மாட்டாங்க. சட்டம் சரி, அதை ஜனங்களுக்குச் சொல்ற விதம் சரியில்ல.

"அம்மா அப்பாவோட போறோம், அவங்களால நடக்க முடியாது"ன்னு கேக்குறவங்களுக்கு: வழி இருக்கு. இசட்.டி.எல்-க்குள்ள ஹோட்டல் எடுத்தீங்கன்னா புக் பண்றப்பவே வண்டி நம்பரைக் கொடுத்து, "எங்க நம்பரை ரிஜிஸ்டர் பண்ணுவீங்களா, எந்தத் தெரு வழியா வரணும், எவ்வளவு நேரம் நிறுத்தலாம்"னு எழுத்துல கேட்டு வாங்குங்க. பெட்டியும் பெரியவங்களையும் இறக்கி விட்டுட்டு காரை வெளிய கொண்டுபோயிடலாம். இல்லன்னா ஸ்டேஷன் வாசல்ல டாக்ஸி ஸ்டாண்ட் இருக்கு, டாக்ஸிக்கு உள்ள போக அனுமதி உண்டு.

மிலான்ல கணக்கு வேற, அங்க ஏரியா சி-ன்னு காசு கட்டிட்டு உள்ள போகலாம், வார நாள்ல 7.50 யூரோ. வெனிஸ்ல பியாத்சாலே ரோமாங்குற சதுக்கத்தோட ரோடே முடிஞ்சிடுது, தண்ணிக்கு இந்தப் பக்கம் நிலத்துல இருக்குற மெஸ்த்ரேல காரை விட்டுட்டு ட்ரெய்ன் புடிச்சா பத்து பன்னெண்டு நிமிஷத்துல போயிடலாம். ரோம், பொலோனியா, பீசா எல்லாத்துலயும் இசட்.டி.எல் இருக்கு, ஊருக்கு ஊர் நேரம் வேற, கிளம்புறதுக்கு முந்தின நாள் அந்தந்த மாநகராட்சி வெப்சைட்ல பாத்துக்கங்க. இந்தியன் லைசென்ஸ் வெச்சு வாடகை கார் எடுக்குறவங்க இன்டர்நேஷனல் பர்மிட்டை ஊர்லயே ஆர்.டி.ஓ-ல வாங்கிட்டு வந்துடுங்க, இங்க வந்து எடுத்துக்கலாம்னு நம்பி வராதீங்க.