ஒரு மரத்துக்கு எத்தனை பாடவேளை?

பல வருடங்களுக்கு முன் ஒரு விடைத்தாளில் நான் போட்ட பெருக்கல் குறி இன்னும் மனத்தை உறுத்துகிறது.

நான்காம் ஆண்டு அறிவியல். மரத்தால் கிடைக்கும் பயன்கள் மூன்றை எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு பையன் நிழல், பலகை என்று இரண்டை எழுதிவிட்டு, மூன்றாவதாக "எங்கள் பெரியப்பா லாரி எடுக்கும் முன் கும்பிட்டுவிட்டுப் போவார்" என்று எழுதியிருந்தான். விடைப்பட்டியில் அது இல்லை. சிவப்புப் பேனாவால் ஒரு கோடு, குறுக்கே இன்னொரு கோடு, அடுத்த தாள்.

அது எந்த மரம் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கு வரும் வழியில் சாலை வளைவில் நிற்கும் அரசமரம். அடியில் ஒரு பக்கம் டத்தோ கோங் என்ற காவல் தெய்வத்துக்குச் சீனர்கள் வைத்த சிவப்பு மாடம், இன்னொரு பக்கம் நம்மவர்கள் நட்ட முனீஸ்வரர் சூலம்.

அறிவியல் தாளில் அந்த விடைக்கு மதிப்பெண் இல்லை, சரி. ஆனால் வேறு எந்தத் தாளில் அவனுக்கு மதிப்பெண் கிடைத்திருக்கும்? நன்னெறியில் பிற சமயத்தை மதிக்க வேண்டும் என்று ஒரு வரி வரும். தமிழில் 'மரம் வளர்ப்போம்' கட்டுரை. வரலாற்றில் ஆண்டுகளும் பெயர்களும். அந்தப் பையன் தினமும் பார்க்கிற மரம் எந்தப் பாடத்துக்குள்ளும் முழுதாக நுழைய முடியவில்லை. என் வருத்தம் இதுதான். இந்தப் பதிவும் இதைப் பற்றித்தான்.

இப்போது ஐந்தாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு பாடவேளையை இதற்கென்று ஒதுக்குகிறேன். பக்கத்தில் இருக்கிற ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். அது எப்படி வாழ்கிறது, அதை நம்பிப் பிழைப்பவர் யார், கும்பிடுபவர் யார், வேண்டாம் என்பவர் யார் என்று பேசுவோம். பயிற்சித்தாள் கிடையாது.

முதல் பொருள் நாகலிங்கப் பூ. பினாங்கில், தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவில் அந்த மரத்தைப் பார்த்திருப்பீர்கள். பூவும் பீரங்கிக் குண்டு மாதிரி காயும் அடிமரத்திலேயே தொங்கும். பிள்ளைகள் பூவைப் பார்த்ததும் "லிங்கம் டீச்சர், மேல பாம்பு படம் எடுக்குது" என்றார்கள். சரி, இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள் என்றேன். அந்தப் பூவில் தேன் இல்லை. மகரந்தம் மட்டும் உண்டு, அதுவும் இரண்டு வகை. நடுவில் வளையமாக இருப்பது காய் பிடிக்க வைப்பது. படம் மாதிரி வளைந்திருக்கும் பகுதியில் இருப்பது தேனீக்குத் தீனி. தீனிக்காக உள்ளே நுழையும் தேனீயின் முதுகில் மற்ற மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

அடுத்து, இந்த மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்றேன். சங்க காலத்துத் தமிழர் இதைப் பார்த்திருக்கவே முடியாது. இலங்கையிலும் தாய்லாந்திலும் பௌத்தர்கள் இதே மரத்தைப் புத்தர் பிறந்தபோது நிழல் தந்த சால மரம் என்று எண்ணிக் கோயில்களில் நட்டு வணங்குகிறார்கள். உண்மையான சால மரம் வட இந்தியாவிலும் நேப்பாளத்திலும் வளர்வது, நம் ஊர் மெராந்தி மரத்துக்கு உறவு. அந்தக் குடும்பத்து மரங்கள் பினாங்கின் கொடிமலையில் இன்னும் நிற்கின்றன. அவற்றில் ஒன்றான செராயாவின் அறிவியல் பெயரில், 1884இல் இந்தப் பூங்காவை உருவாக்கிய சார்ல்ஸ் கர்ட்டிஸின் பெயர் இருக்கிறது.

அப்போது ஒரு பெண் எழுந்தாள். "அப்படின்னா நம்ம சாமி பொய்யா டீச்சர்?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நம்மில் பலர் இப்படிப்பட்ட பாடத்தைத் தொடுவதே இல்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. "ஆமாம், எல்லாம் மூடநம்பிக்கை" என்பது ஒரு பதில். "நம் முன்னோர் அன்றே அறிவியலைச் சொல்லிவிட்டார்கள்" என்பது இன்னொரு பதில், நம் வாட்சப் குழுக்களில் தினமும் ஓடுவது. இரண்டுமே பிள்ளைகளுக்குக் கெடுதல் என்று உறுதியாக நம்புகிறேன். முதல் பதில் பாட்டியை முட்டாளாக்கும். இரண்டாவது, பிள்ளை மேற்கொண்டு தேடாதபடி கதவைச் சாத்திவிடும். நான் பதில் சொல்லவில்லை. வீட்டில் கேட்டு வா என்றேன். மறுநாள் வந்து, "சாமி எந்த ஊர் மரத்துலயும் உட்காருவாராம், பாட்டி சொன்னாங்க" என்றாள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வகுப்பே ஏற்றுக்கொண்டது.

அடுத்ததாக அந்த அரசமரத்தை எடுத்தோம். டத்தோ கோங் என்பது சீனர்கள் வணங்கும் மலாய்க்காரக் காவல் தெய்வம். பெரும்பாலும் தலையில் சொங்கோக் என்ற மலாய்த் தொப்பி இருக்கும். பன்றி இறைச்சி படைக்க மாட்டார்கள். வெற்றிலை பாக்கு வைப்பார்கள். "நம்ம சாமிக்கு வைக்கிறதுதானே இது!" என்றார்கள் பிள்ளைகள். பினாங்கு என்ற பெயரே பாக்குமரத்தால் வந்தது என்று அப்போது சொன்னேன். இந்த மண்ணுக்கு முன்பே ஒரு காவல்காரர் இருக்கிறார், குடியேறி வந்த நாம் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சிவப்பு மாடத்தில் இருக்கிறது. ஒற்றுமை வாரத்தில் ஆளுக்கொரு இன உடை போட்டு மேடையில் நிறுத்துகிறோமே, அதில் இது வருமா? சியோங்சாம் எப்படி இருக்கும் என்று நம் பிள்ளைக்குத் தெரியும். முன்னோரை நினைக்கும் செங் மெங் சமயத்தில் சீனத் தோழி குடும்பத்தோடு கல்லறையைச் சுத்தம் செய்யப் போவது ஏன் என்று தெரியாது. அங்கே போய் அவர்கள் என்ன பேசுவார்கள் என்று கேட்கவும் தோன்றாது.

இதற்கெல்லாம் வெளிநாட்டுக் கல்விமுறையைத் தேடிப் போக வேண்டியதில்லை. முதல், கரு, உரி என்று நம்மிடமே இருக்கிறது. நிலமும் பொழுதும் முதல். அங்கே வாழும் தெய்வம், விலங்கு, மரம், பறை, தொழில் எல்லாம் கரு. அந்த மனிதர்களின் உள்ளம் உரி. இதை வைத்துக் கொடிமலைக்கு ஒரு பட்டியல் போடுங்கள் என்றேன். குறிஞ்சித் தெய்வத்துக்கு யோசிக்கவே இல்லை, தண்ணீர்மலை முருகன். விலங்கு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள லோத்தோங் குரங்கு. தொழில் என்ற இடத்தில் ஒருவன் 'கேபிள் ரயில் ஓட்டுதல்' என்று எழுதினான். மலை ரயில் 1923இலிருந்து ஓடுகிறது, எழுதட்டும். 2021இல் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தபோது, மனிதனையும் இயற்கையையும் சேர்த்துப் பார்ப்பதுதான் அந்தத் திட்டத்தின் நோக்கம் என்றது. ஐந்திணை படித்த பிள்ளைக்கு அது புதிய செய்தி இல்லை.

எனக்கு மிகப் பிடித்த பாடம் டுரியான். டுரியான் பூ பொழுது சாய்கிற நேரத்தில் மலர்ந்து, விடிவதற்குள் உதிர ஆரம்பித்துவிடும். அந்த ஓர் இரவுக்குள் வௌவால் வர வேண்டும். குகையில் வாழும் தேனுண்ணி வௌவால் அது. பத்துமலைக் குகைகளிலும் அதே இனம் உண்டு என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம், முருகன் வீட்டு வௌவால் அல்லவா! டுரியான் பூக்காத மாதங்களில் அது கடலோரச் சதுப்புக் காட்டு மரங்களின் பூவைத் தேடிப் போகும். அந்தக் காடு அழிந்தால் வௌவால் பட்டினி கிடக்கும், தோட்டத்தில் காய் குறையும். இது தெரியாமல் வௌவாலைப் பழந்திருடி என்று சுடுகிறவர்களும் உண்டு. தோட்டக்காரர், வௌவால், சதுப்பு நிலத்தில் வீடு கட்ட நினைப்பவர், கிலோவுக்குப் பேரம் பேசும் நம் அப்பா என்று நாலு பேராகப் பிரிந்து பேசினார்கள். வௌவாலாகப் பேசிய பையன் வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவன். "நான் திருட வரல, வேலைக்கு வந்தேன்" என்றான்.

நேரம் இல்லை என்று சக ஆசிரியர்கள் சொல்வது உண்மைதான். மதிப்பீட்டைப் பதிவேற்றியே மாலை போய்விடுகிறது. பெற்றோர் "மார்க் வருமா?" என்கிறார்கள். ஆறாம் ஆண்டில் எழுதிய யுபிஎஸ்ஆர் சோதனை 2021இலேயே ரத்தாகிவிட்டது. எந்தச் சோதனைக்குப் பயந்து இதையெல்லாம் ஒதுக்கினோமோ அந்தச் சோதனை இப்போது இல்லை, பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த நாட்டில் தமிழ் வகுப்பு முதன்முதலில் தொடங்கியது 1816இல், இதே பினாங்கில். இத்தனை தலைமுறை தாங்கி வந்த வகுப்பில் பக்கத்துத் தெரு மரத்தைப் பற்றிப் பேச இரண்டு வாரத்துக்கு ஒரு பாடவேளை கிடைக்காது என்றால் என்னால் ஏற்க முடியவில்லை.

பாலிக் புலாவில் ஒரு தோட்டக்காரர், டுரியான் பூக்கும்போது பிள்ளைகளை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார். மாலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும், இருட்டும் வரை காத்திருக்க வேண்டும். வேன் வைத்திருக்கும் பெற்றோர் இரண்டு பேர் கிடைத்தால் போதும். பாட்டிமாருக்கும் இடம் உண்டு.